நஞ்சும் மருந்தும் அறிந்த மலை

கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலிலிருந்து பார்த்தால், மேகம் விலகிய நாட்களில் பழநி மலையும் நகரமும் கீழே தெரியும். இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி இராமநாதன் அம்மையார் 1936ஆம் ஆண்டில் எழுப்பிய இக்கோயில், பின்னர் பழநி தேவஸ்தானத்தின் பொறுப்பில் வந்தது. மேலே குறிஞ்சி வேலன், கீழே தண்டாயுதபாணி. பழநிக்கு வரும் குடும்பங்கள் பல, இரண்டு சந்நிதிகளையும் ஒரே பயணத்தில் தரிசித்துத் திரும்புகின்றன.

அதே மலைப்பாதையில் இன்னொரு கூட்டமும் ஏறுகிறது. கல்லூரி விடுமுறையில் நண்பர்களோடு வரும் பிள்ளைகளுள் சிலர், குளிருக்கும் கொண்டாட்டத்துக்கும் என்று கஞ்சாவைத் தேடுகின்றனர். கேட்டால் அவர்களிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது. 'இது சாராயம் அன்று, மூலிகை. சித்தர்களே பயன்படுத்தியது. சிவமூலி, கோரக்கர் மூலி என்றல்லவா பெயர்?' பக்தியுள்ள பெற்றோர் இந்த விடைக்கு முன் வாயடைத்துப் போவதுண்டு. ஆகவே மூலிகை என்னும் சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, உடலுக்குள் நடப்பதை முதலில் பார்ப்பது நல்லது.

கஞ்சாவில் மயக்கம் தரும் பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால். புகைத்த சில நிமிடங்களிலேயே அது நாடித்துடிப்பை உயர்த்துகிறது. 70 என்றிருந்த துடிப்பு 100ஐத் தாண்டுவதும் உண்டு. இந்த வேகம் இரண்டு மூன்று மணி நேரம் வரை நீடிக்கலாம். உட்கார்ந்தவர் எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். புகையோடு சேர்ந்து செல்லும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதயம் அதிகமாக உழைக்கிறது. அதற்கு வரவேண்டிய பிராணவாயுவோ குறைகிறது. செலவு ஏறும்போதே வரவு இறங்கும் கணக்கு இது. நம் ஊரில் பெரும்பாலும் பீடி, சிகரெட்டுப் புகையிலையோடு கலந்தே இழுப்பதால், புகையிலையின் கேடும் உடன் சேர்கிறது.

மலை இந்தக் கணக்கை மேலும் கடினமாக்குகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதை ஈடுகட்ட இதயம் இயல்பாகவே சற்று விரைந்து துடிக்கும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். நலமுள்ள உடல் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். இவற்றின் மேல் கஞ்சாப் புகையையும் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை பழநியில் ஏறத்தாழ 690 படிகளை ஓட்டமாக ஏறும் இளைஞன், தன் இதயத்தை எத்தனை சுமைகளோடு நடத்திச் செல்கிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வுகள் கூறுவதையும் மிகைப்படுத்தாமல் அறிய வேண்டும். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மாரடைப்புக்கு ஆளான 3,882 பேரிடம் விசாரித்தது. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு 4.8 மடங்காக உயர்கிறது என்று அது கணித்தது. ஆனால் அவ்வாறு ஒரு மணி நேரத்துக்குள் புகைத்திருந்தவர்கள் 9 பேர் மட்டுமே. எனவே அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளைப் பார்த்தது. நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் மாரடைப்பு 25 சதவீதமும் பக்கவாதம் 42 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டன. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றி, கஞ்சாவே காரணம் என்று தனியே நிறுவிவிடவில்லை. எனினும் அமெரிக்க இதயச் சங்கம் 2020ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கஞ்சாவைப் புகைக்க வேண்டாம் என்று அறிவுறுத்திவிட்டது.

இருபது வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அது சில மடங்கு உயர்ந்தாலும் குறைவுதான். ஆயினும் தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைவிடச் சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது அறியப்பட்ட உண்மை. பிறவியிலேயே இதயக் குறை இருந்தும் அறியாதவர், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்தவர் எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளை யார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

இங்கேதான் குடும்பத்தின் பங்கு வருகிறது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் என்று ஒரு பிள்ளை மருத்துவர் முன் அமர்ந்திருக்கும்போது, 'என்ன உட்கொண்டாய்?' என்ற கேள்வி எழும். அருகில் தந்தை நிற்பார். பிள்ளை பொய் சொல்வான். அந்தப் பொய்யால் சிகிச்சை திசைமாறக்கூடும். அந்நேரத்தில் பெற்றோர் செய்யத்தக்க பேருதவி, சற்று வெளியே சென்று நிற்பதுதான். கோபத்துக்கு நாள் இருக்கிறது; இதயத்துக்கு நிமிடங்கள்தாம் இருக்கின்றன. வழியில் நேர்ந்தால் 108ஐ அழைப்பதில் தயக்கம் கூடாது.

சட்டத்துக்கு அஞ்சி மறைப்போரும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானதே. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு எனப்படுகிறது; அதற்கும் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் அச்சட்டத்தின் 64ஏ பிரிவு கருணையும் உடையது. பழக்கத்துக்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிறுவனத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. 14446 என்னும் தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

இனி, சித்தர் மூலி என்னும் வாதத்துக்கு வருவோம். பழநியாண்டவரின் மூலத் திருமேனியைப் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி அமைத்தார் என்பது மரபு. பாஷாணம் என்றால் நஞ்சு. சுத்திசெய்யும் முறையும் அளவும் அனுபானமும் அறிந்தவர் கையில்தான் நஞ்சு மருந்தாகிறது என்பதற்கு அந்தத் திருமேனியே சான்று. போகர் பாஷாணத்தைக் கையாண்டார் என்பதற்காக யாரும் கடையில் பாஷாணம் வாங்கி உண்பதில்லை. கஞ்சாவுக்கும் அதே நீதிதான். சிவபெருமான் ஆலகாலத்தை உண்டதும் உலகைக் காப்பதற்காகவே, களிப்பதற்காக அன்று.

பழநியில் முருகன் நிற்கும் கோலத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கனி கிடைக்காத கோபத்தில் கயிலையை விட்டு வந்த குமரன், மனக்குறையை மறக்க மயக்கத்தை நாடவில்லை. கோவணமும் தண்டமுமாய்த் தெளிவில் நின்றான். சினந்து போன பிள்ளையைத் தேடி அம்மையப்பர் இறங்கி வந்ததும் அதே தலத்தில்தான். 'பழம் நீ' என்று அவனைத் தேற்றினார்களேயன்றி வெறுத்து ஒதுக்கவில்லை.

காவடி எடுப்போர் விரத நாட்களில் புகையும் மதுவும் தொடுவதில்லை. அந்த விரதத்தைப் பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து ஏற்கலாம். மருத்துவம் தன் பணியைச் செய்யட்டும். விரதம் அதற்குத் துணை நிற்கட்டும். அடுத்த தைப்பூசத்தில் அவன் படியேறும்போது மூச்சு வாங்கினால், அது படிகளால் மட்டுமே வாங்கும் மூச்சாக இருக்கட்டும்.