இரண்டு பட்டியல்களுக்கும் சிக்காதவர்கள்

மைசூர் அக்ரஹாரத்தின் சில தெருக்களில் எத்தனை குடும்பங்கள் என்று தெரிய வேண்டும். எல்லாக் கதவையும் தட்ட ஆள் இல்லை. இரண்டு பேரைத் தனித்தனியே அனுப்புகிறீர்கள். ஒருவர் 100 குடும்பங்களைக் குறித்து வருகிறார், மற்றவர் 80. இரண்டு பட்டியலிலும் இருப்பவை 40. அதாவது, இரண்டாமவர் கண்டதில் பாதிதான் முதலாமவர் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியானால் மொத்தத்திலும் அவர் பாதியைத்தான் பார்த்திருப்பார். ஆக மொத்தம் 200. பட்டியல்களில் இருப்பவை 140. யாரிடமும் சிக்காதவை 60.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் முறை நிஜம். கல்கத்தா அருகே சிங்கூரில் பதிவாகாமல் போன பிறப்பு, இறப்புகளைக் கணிக்க இதை முறைப்படுத்தி, டெமிங்குடன் சேர்ந்து 1949இல் கட்டுரை எழுதியவர் இந்தியரான சி. சந்திரசேகரன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஐ.நா.வும் இந்திய அரசும் நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு.

இன்று இந்த முறை போர்களில் இறந்தவர்களை எண்ணுகிறது. பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை நடந்த மோதலில் இறந்தவர்களில் உண்மை ஆணையத்திடம் பெயரோடு பதிவானவர்கள் சுமார் 24,000 பேர். பல பட்டியல்களை ஒப்பிட்டு ஆணையம் 2003இல் சொன்ன மதிப்பீடு சுமார் 69,000. விடுபட்டவர்கள் பதிவானவர்களைவிட அதிகம்.

நமக்குப் பக்கத்தில் முள்ளிவாய்க்கால். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்ததாக இலங்கையிலிருந்த ஐ.நா. குழு கணக்கிட்டது. 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது ஐ.நா. நிபுணர் குழு, 2011இல். அதே ஆண்டு மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் வேறொரு கழித்தல் கணக்கைக் காட்டினார்: வன்னியில் இருந்தவர்கள் 4,29,059, அரசுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380, மீதி 1,46,679 பேர் எங்கே? இவர்கள் அனைவரும் இறந்தவர்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குக் கேட்டார். தொடக்க எண்ணிக்கை பிசகினால் மீதியும் பிசகும் என்பது இந்த வழியின் பலவீனம்.

பட்டியல் முறையை இலங்கையிலும் முயன்றிருக்கிறார்கள். 2009 மே 17 முதல் 19 வரையிலான மூன்றே நாட்களில் ராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர்கள் 500க்கு மேல் என்று 2018இல் பாட்ரிக் பால், பிரான்சஸ் ஹாரிசன் இருவரும் மதிப்பிட்டார்கள்.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஒரே தேவாலயத்தில் விசாரித்து இரண்டு பட்டியலும் தயாரானால், பொதுப் பெயர்கள் கூடி மொத்தம் குறைந்துவிடும். நம் பெயர்களோ இன்னும் சிக்கல். ஒருவரே ஓரிடத்தில் இனிஷியலோடும் இன்னோரிடத்தில் அப்பா பெயரோடும் வருவார். ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்தும் மாறும். ஒரே ஆளை இருவராக எண்ணினால் மொத்தம் வீங்கும். ஊர், வயது, தேதி மூன்றையும் வைத்துப் பொறுமையாகச் சரிபார்த்தாக வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைப்பவர்களும் கூட்டுபவர்களும் மேடைகளில் மோதட்டும். மதிப்பீட்டால் ஒரு தாய்க்கு மகன் பெயரைத் திருப்பித் தர முடியாது. எந்தப் பட்டியலிலும் ஏறாத மகனையும் கணக்கிலிருந்து விட்டுவிடாது. அதற்கு முதல் தேவை பட்டியல்கள். சரணடைந்தவர்களின் பெயர்களை அரசு வெளியிட்டால், கணிதத்துக்குப் பாதி வேலை மிச்சம்.