பத்து வீதக் கதை

போன மாதம் எங்களில் நாலு பேர் ஒரு இளைஞர் பட்டறைக்குப் போயிருந்தோம். எந்த ஊர், ஆர் நடத்தினது எண்டு எழுதப் போவதில்லை. உப்பிடியான பட்டறைகள் இப்ப எல்லா ஊரிலும் நடக்குது. பேச்சாளர் மாறுவார், பவர்பொயின்ற் மாறாது.

திரையில் ஒரு வட்டம். மூன்று துண்டாக வெட்டியிருந்தது. உங்கட மகிழ்ச்சியில் 50 வீதம் பிறப்போடு வருவது, 10 வீதம் சூழ்நிலை, மிச்சம் 40 வீதம் உங்கட கையில். "அப்ப ஏன் நாட்டைக் குறை சொல்லுறீங்கள்? வீட்டைக் குறை சொல்லுறீங்கள்? அது வெறும் பத்து வீதம்!" எண்டார் பேச்சாளர். மண்டபம் கைதட்டியது.

கடைசி வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், அம்மா நுண்கடன் எடுத்தவ. கட்ட வழியில்லை. கிழமைக்குக் கிழமை ஆக்கள் படலையில வந்து நிக்கினம். நான் எதை யோசிச்சாச் சரி வரும்?"

"தங்கச்சி, உங்களுக்குப் பிரச்சினை கடன் இல்லை. கடனைப் பற்றின உங்கட எண்ணம்தான்."

அதுக்கும் கைதட்டினார்கள். அவள் இருந்துவிட்டாள். நாங்கள் நாலு பேரும் வாய் திறக்கவில்லை. அண்டைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்ப எழுதுகிறோம்.

முதலில் அந்த வட்டம். அது 2005 இல் லியுபோமிர்ஸ்கி, ஷெல்டன், ஷ்கேட் என்ற மூன்று பேர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இருந்து வந்தது. அந்த எண்கள் ஒரு தனி மனிசரின் மகிழ்ச்சியைத் துண்டு போட்ட கணக்கு இல்லை. ஒரு கூட்டம் மனிசருக்குள்ளே ஆளுக்காள் இருக்கிற வித்தியாசத்தில் எது எவ்வளவை விளக்குகிறது என்ற கணக்கு. இரண்டும் ஒண்டில்லை. 2022 இல் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததே, நினைவிருக்கா? ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளையளுக்கும் அதே 13 மணித்தியாலம் இருட்டு என்றால், அவர்களின் புள்ளிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் மின்வெட்டின் பங்கு பூச்சியம். அதுக்காக மின்வெட்டு படிப்பைக் கெடுக்கவில்லை என்று ஆராவது சொல்லுவினமா? அந்த 40 வீதம் கூடின மதிப்பீடாக இருக்கலாம் என்று, விமர்சனங்கள் வந்த பிறகு, எழுதியவர்களில் இருவரே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். எங்கட பட்டறைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதை எழுதுவதால் எங்களை உளவியலுக்கு எதிரானவர்கள் என்று நினைக்க வேண்டாம். எங்களில் இரண்டு பேர் உளவளத்துணைக்குப் போய் மீண்டு வந்தவர்கள். எங்கட கோபமே, நல்ல மருந்து ஒன்றைத் தண்ணி கலந்து விற்கிறார்கள் என்பதுதான்.

அறிகைச் சிகிச்சையை எடுப்போம். 1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வுக்காரரின் தலைக்குள் சில எண்ணங்கள் தானாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். 'நான் ஒண்டுக்கும் உதவாதவன்', 'இனி எதுவும் சரி வராது' மாதிரியான எண்ணங்கள். அவர் நோயாளியிடம் "நல்லதா நினையுங்கோ" என்று சொல்லவில்லை. அந்த எண்ணத்தை ஒரு கருதுகோளாக எடுத்து, ரெண்டு பேருமாகச் சேர்ந்து சோதிக்கச் சொன்னார். இதற்குச் சான்று என்ன? எதிரான சான்று என்ன? கொப்பியில் கோடு போட்டு எழுத வேண்டும், வீட்டுவேலை செய்ய வேண்டும், அடுத்த கிழமை திரும்ப வர வேண்டும். பத்து, இருபது அமர்வு போகும். சரியான சலிப்பான வேலை. அதில் கைதட்டல் கிடையாது.

இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. சோதித்துப் பார்க்கையில் எண்ணம் உண்மை என்று தெரிந்தால், அதை மாற்றச் சொல்ல மாட்டார்கள். பிரச்சினையைத் தீர்க்க வழி தேடுவார்கள். கம்பஸ் முடித்து இரண்டு வருசமாக வேலையில்லாத ஒரு பெடியனை எடுங்கோ. 'எனக்கு வேலை கிடைக்கேல்லை' என்பது உண்மை. 'நான் வீணாப் போனவன்' என்பது அந்த உண்மையின் முதுகில் ஏறிக்கொண்ட பொய். சிகிச்சையின் வேலை இரண்டையும் பிரித்துக் காட்டுவது. மேடைப் பேச்சோ இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'எதிர்மறை எண்ணம்' என்று எறிகிறது. பொய்யோடு உண்மையும் போய்விடுகிறது. அந்தப் பிள்ளையின் வீட்டுப் படலையில் கடன்காரர் நிற்பது எண்ணமில்லை. 'கடன் பட்டதால் நாங்கள் மானம் கெட்டவர்கள்' என்று அவள் உள்ளுக்குள் நினைத்தால், அதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும். கடனுக்கு வேறை வழி வேண்டும்: சட்ட உதவி, தவணை மாற்றம், ஊர்ப் பெண்கள் சேர்ந்து நிற்பது.

நேர் உளவியலின் கதையும் இப்படித்தான். 1998 இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அதைத் தொடக்கிவைத்த மாட்டின் செலிக்மன், அதற்கு முப்பது வருசம் முன்னர் நாய்களை வைத்து ஆய்வு செய்தவர். (பாவம் நாய்கள், அது வேறை கதை.) தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு தப்பும் வழி இருந்தபோதும் அசையாமல் படுத்துக் கிடந்தன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதற்குப் பெயர். இவ்வளவும் எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். நாய்கள் எப்படி மீண்டன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆய்வாளர்கள் அவற்றைக் கயிற்றில் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போனார்கள். அசைந்தால் வலி நிற்கும் என்பதை உடம்பு கண்ட பிறகுதான் அவை தாங்களாக எழும்பின. வலிக்கும் கரண்டை நிறுத்தாமல், தடுப்பையும் தாண்டக் காட்டாமல், 'வாலை ஆட்டுங்கோ' என்று நாய்க்கு உரை நிகழ்த்த ஒருவரும் போகவில்லை.

ஒவ்வொரு இரவும் அண்டைக்கு நடந்த மூன்று நல்ல விசயங்களை எழுதும் பயிற்சி இருக்கிறதே, எங்களில் ஒருத்தி எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். கொஞ்சம் நித்திரை வருதாம். நல்லது, எழுதட்டும். ஆனால் அவளுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல மருத்துவராக வேலை செய்த தயா சோமசுந்தரம், போர் தந்த காயம் தனி மனிசரின் மண்டைக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்று வருசக் கணக்காக எழுதியிருக்கிறார். அவரின் புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருக்க, நாங்கள் பிற ஊர்ப் பேச்சாளரின் யூரியூப் வீடியோவை மொழிபெயர்த்துப் பிள்ளையளுக்குக் கொடுக்கிறோம். ஒரு நாள் பட்டறைக்கு மண்டபம், சாப்பாடு, பனர், ரீசேட் எல்லாவற்றுக்கும் காசு வருகிறது. அதே காசில் பயிற்சி பெற்ற ஒரு உளவளத்துணையாளர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிழமையில் ஒரு நாளாவது வந்து இருக்கலாம். அதுக்குப் படம் பிடித்துப் போட ஒன்றும் இருக்காது என்பதுதான் சிக்கல் போல.

நடத்தியவர்களுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறோம். பேசுகிறவருக்கு இந்தத் துறையில் என்ன பயிற்சி? பட்டறை முடிந்து அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையை அடுத்த நாள் ஆர் பார்க்கிறது? அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பட்டறைக்கான போஸ்டர் மட்டும் வந்திருக்கிறது. போவோம். இந்த முறை கடைசி வரிசையில் இருப்போம்.