கானாவில் இசைக்கல்வி

மேலைநாட்டுச் சமயப்பணியாளர் கானாவின் பள்ளிகளில் இசையைப் பாடமாக்கினர். ஆயின் தம் மெட்டுகளிலேயே துவி மொழிச் சொற்களைப் பொருத்தினர். ஒலியின் ஏற்ற இறக்கமே பொருளை வேறுபடுத்தும் மொழி அது. மெட்டு பொருந்தாவிடின் பொருளும் பிறழுமன்றோ? இதனை உணர்ந்து மொழியின் ஒலிவழியே பண்ணமைத்தவர் எஃப்ரேம் அமு. தேவாலயத்தில் நாட்டு உடை அணிந்தமை முதலிய காரணங்களால் 1933இல் அக்ரோபாங் ஆசிரியர் கல்லூரி அவரை விலக்கியது. (உடைக்கும் பண்ணுக்கும் என்ன பகையோ!) அச்சிமோட்டா கல்லூரி அவரை ஏற்றது.

1962இல் கானாப் பல்கலைக்கழகத்தில் இசை நாடகப் பள்ளி தோன்றியது. குவாபெனா என்கேட்டியாவின் முயற்சியால் மரபுவழி முரசறைஞரும் அங்கு ஆசிரியராயினர். இதுவே தக்க வழி என்பது எம் துணிபு. இசைக்குறியீடு கற்றல் வேண்டுவதே. எனினும் அதனைக் கற்றவரே ஆசிரியராகலாம் என விதித்திருப்பின், அம்முரசறைஞர் வகுப்பினுள் நுழைந்திருக்கவே இயலாது.