பொட்டி தட்டுவதும் பெட்டி முடைவதும்

வீட்டிலிருந்தே பொட்டி தட்டலாமா, தடுப்பே இல்லாத பெரிய ஹாலில் போய் உட்கார்ந்து ஆணி பிடுங்கலாமா? 2020 லாக்டவுனில் தொடங்கிய பட்டிமன்றம் இன்னும் முடிந்தபாடில்லை. எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேருக்கு மேல் ஆபீஸில் தேவைப்படாது, 2025-க்குள் அப்படி மாறிவிடுவோம் என்று 2020-ல் சொன்னது டிசிஎஸ். 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வாருங்கள் என்றது. இரண்டு முறையும் முடிவெடுத்தது யார்? எனக்கு உறுத்துவது அதுதான்.

பழவேற்காட்டில் இரண்டு மாதிரி வேலையும் நமக்கெல்லாம் முன்பிருந்தே உண்டு. ஊருக்குள் பெண்கள், முக்கியமாக முஸ்லிம் பெண்கள், வீட்டிலேயே பனையோலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள். வொர்க் ஃப்ரம் ஹோமில் அவர்கள்தான் நமக்கு சீனியர்கள் :) பஸ் நெரிசல் இல்லை, தலைக்குமேல் மேனேஜர் இல்லை. ஆனால் முடைந்த உருப்படிக்குத்தான் காசு. முதுகு வலித்தால் லீவு ஏது? வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காக 1996-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 177-ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை.

ஏரியோ சுவரே இல்லாத ஆபீஸ். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் வலை கட்ட ஆளுக்கு ஒரு முறை. இன்று நல்ல இடம் உங்களுக்கு, அடுத்து இன்னொருவருக்கு. விதியும் அவர்களுடையது, பஞ்சாயத்தும் அவர்களுடையது. (ரொம்பவும் புகழ வேண்டாம். குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்குத்தான் பாடு. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கில்லை.)

நம் கம்பெனிகள் சுவரை மட்டும் எடுத்தன. அமெரிக்காவில் அப்படி மாறிய இரண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. பேசத்தானே சுவரை எடுத்தார்கள்!

வீடுதான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. ஷாங்காயில் சிட்ரிப் கம்பெனி 2010-ல் ஒரு சோதனை தொடங்கியது. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து உழைத்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனாலும் பிறகு கேட்டபோது பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள், தனிமை தாங்காமல். எங்கே உட்காருவது என்பதை அவரவரிடம் விட்ட பிறகு அந்த 13, 22 ஆனது.

அடுத்த வருடம் நம்மில் பலர் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காருவோம். "ஹைபிரிட் உண்டா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாள் வீடு, எந்த நாள் ஆபீஸ் என்று யார் தீர்மானிப்பார்கள்? வீட்டில் போடும் நாற்காலிக்கு யார் காசு? அதையும் கேளுங்கள் மக்களே.