டாங்கி நிறையப் பெட்ரோல்; பறக்க உதவுவது எவ்வளவு?

சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது பிச்சாவரம். சுரபுன்னைக் காடுகளின் நடுவே கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றைத் தாண்டி மோட்டார் படகில் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்.

டாங்கியின் அடியில் கிடக்கும் எண்ணெயை நம்பக் கூடாது!

அலையில் படகு சாயும். மிச்சமிருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். குழாயில் காற்று ஏறும். எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும்.

படகு நின்றால் நங்கூரம் போடலாம். இன்னொரு படகு வரும்வரை காத்திருக்கலாம். ஆகாயத்தில் விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? அங்கே நங்கூரம் போட இடம் இல்லை.

மொட்டை மாடியில் விமானம்

விமானத்தைத் தொழிற்சாலையில்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு விமானத்தைக் கட்டினார். 2016-ம் ஆண்டு மும்பையில் நடந்த கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-ம் ஆண்டு அரசாங்கத்தின் பதிவும் கிடைத்தது.

இப்படிக் கட்டுகிறவர்கள் எல்லோரும் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "டாங்கியில் ஊற்றுகிற பெட்ரோலில் எவ்வளவு எஞ்சினுக்குப் போய்ச் சேரும்?"

குழாய் வைத்த பாத்திரம்

வீட்டில் குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறது அல்லவா? குழாயில் தண்ணீர் நின்ற பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருக்கும். அது குழாய் வழியே வராது.

விமான டாங்கியும் அப்படித்தான். அடியில் தங்கும் தண்ணீரும் தூசியும் எஞ்சினுக்குள் போய்விடாதபடி, குழாய் சற்று உயரத்திலேயே பொருத்தப்படும். போதாக்குறைக்கு, விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்; கவிழ்த்து இறங்கும். அப்போது பெட்ரோல் குழாய்வாயை விட்டு விலகிப் போகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டாங்கி 100 லிட்டர் பிடிக்கிறது. அதில் 6 லிட்டர் எஞ்சினுக்கு எட்டாது. எஞ்சின் மணிக்கு 25 லிட்டர் குடிக்கிறது. அந்த 6 லிட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட விமானி, இல்லாத 14 நிமிடத்தை இருப்பதாக நம்பிப் பறக்கிறார்!

தொழிற்சாலை விமானத்தில் இந்த அளவைச் சோதித்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். வீட்டில் கட்டிய விமானம் அப்படி அல்ல. ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு பேர் கட்டினாலும், குழாய் அரை அங்குலம் ஏறலாம்; டாங்கி சற்றுக் கோணலாகலாம். ஒருவருடைய கணக்கு இன்னொருவருக்கு உதவாது.

பாடகரின் கடைசிப் பயணம்

1997-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி. அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் ஒரு சிறு விமானத்தில் தனியாகப் பறந்தார். அது வேறொருவர் சொந்தமாகக் கட்டிய விமானம். டென்வர் அதை அப்போதுதான் வாங்கியிருந்தார்.

டாங்கியில் பெட்ரோல் குறைவாகவே இருந்தது. "கொஞ்ச நேரம்தானே பறக்கப் போகிறேன்" என்று எண்ணி அவர் பெட்ரோல் போடாமலே கிளம்பினார்.

ஒரு டாங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திருகு, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப அவர் உடம்பை வளைத்துத் திரும்பியபோது, கால் தன்னையறியாமல் வலது மிதியை அழுத்திவிட்டது. விமானம் கட்டுக்கு அடங்காமல் கலிபோர்னியா கடலில் விழுந்தது. டென்வர் உயிரிழந்தார்.

விசாரணையில் தெரிய வந்தது என்ன? திருகு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது; அதில் அடையாளமும் இல்லை. பெட்ரோல் அளவைக் காட்டும் கண்ணாடியில் கோடுகளும் இல்லை! அதைப் பார்த்து இவ்வளவு லிட்டர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அளப்பது எப்படி?

அளப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமை வேண்டும்.

முதலில் டாங்கியைக் காலி செய்ய வேண்டும். விமானத்தை ஏறும் நிலையில் சாய்த்து வைத்து, பெட்ரோலை அளந்து ஊற்ற வேண்டும். பிறகு எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்பை ஓட்டி, வருவதைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். குழாயில் காற்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஊற்றியதில் வராமல் நின்ற அளவு எவ்வளவோ, அதுதான் உதவாத பெட்ரோல்.

இறங்கும் நிலையிலும் இதே சோதனை. எதில் அதிகம் தங்குகிறதோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் "பூஜ்யம்" என்று கோடு போட வேண்டும். அதற்கு மேல் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

பெரிய விமானத்துக்கும் இதே கவலை

2025-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி குவாஹாட்டியிலிருந்து வந்த ஒரு பயணி விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருவுக்குத் திரும்பியது. எரிபொருள் குறைவு என்று விமானி அபாய அறிவிப்புக் கொடுத்தார். விமானம் பத்திரமாக இறங்கியது.

ஜெட் விமானம் தரை இறங்கும்போது, இன்னும் 30 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அது குறையும் என்று தெரிந்தால் உடனே அபாய அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சரியான அளவு தெரிந்தால்தான் சரியான நேரத்தில் குரல் கொடுக்க முடியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வரைபடத்தில் எழுதிய லிட்டரும் அப்படித்தான். ஒரு பகல் பொழுது செலவழித்து அளந்து பார்த்தவர் பத்திரமாக வீடு திரும்புவார்.