ஐந்தாம் தேதித் தவணை, ஏழாம் தேதிச் சம்பளம்

'பாமா விஜயம்' பார்க்காதவர்கள் நம் வயதுக்காரர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். 1967-ல் கே. பாலசந்தர் எடுத்த படம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள். அவ்வளவுதான், ஒரு வீட்டு மருமகள்கள் மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்து, வீட்டைக் கடனால் நிரப்புவார்கள். மாமனார் டி.எஸ். பாலையா தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். மறு வருடமே தெலுங்கில் 'பலே கோடள்ளு', இந்தியில் 'தீன் பஹுரானியான்' என்று அதே கதை போனது. ஆரம்பாக்கம், எளாவூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் நண்பர்கள் இன்றும் அது தங்கள் படம்தான் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எந்த ஊருக்கும் பொருந்துகிற கதை என்பதால் அந்தச் சண்டையில் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

போன மாதம் பேத்தி போட்டுக் காட்டிய ஒரு ஆங்கிலப் படமும் ஏறக்குறைய இதே ரகம். 2009-ல் வந்தது. சோஃபி கின்செல்லா என்ற பெயரில் எழுதிய இங்கிலாந்துக்காரப் பெண்மணி 2000-ல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்தது. அவரே பொருளாதாரப் பத்திரிகையாளராக இருந்தவர். கதாநாயகி ரெபேக்காவுக்கும் அதே வேலைதான். எப்படிச் சேமிப்பது என்று ஊருக்கெல்லாம் பத்திரிகையில் எழுதுவாள். தன் கையிலோ கிரெடிட் கார்டுகள் நிறையக் கடன். கார்டை ஐஸ் கட்டிக்குள் வைத்து உறைய வைத்துவிட்டு, ஆசை வந்ததும் செருப்பைக் கழற்றி அந்த ஐஸை உடைப்பாள். கடனை வசூலிக்க வருகிறவரைக் கண்டால் புதிது புதிதாகப் பொய் சொல்லுவாள். கடைசியில் வாங்கிய துணிமணிகளை எல்லாம் ஏலம் விட்டு, ஆசை ஆசையாக வாங்கிய பச்சை நிற ஸ்கார்ஃப் உட்பட, கடனைச் சில்லறைக் காசாகவே கட்டித் தீர்ப்பாள். சிரித்துக்கொண்டே பார்த்தேன். நல்ல படம்தான்.

படம் முடிந்ததும் என் வயது நண்பர் ஒருவர், "நம்ம சிப்காட் பொண்ணுங்களும் இப்படித்தான் சார் கெட்டுப் போகுதுங்க. சம்பளம் வந்த அன்னைக்கே பார்சல் வருது" என்றார். அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்பது சம்பளப் பட்டியலின் பிடித்தம் பத்தியில் மாதாமாதம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்து ஆண்கள் யாரும் கடன் வாங்காமல் இருக்கவில்லை. சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே தண்டல்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பார். பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார். தினம் நூறு வீதம் நூறு நாள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் நம் கையில் நிற்கிறது. அதற்கு நூறு நாளில் வட்டி ஆயிரத்து ஐந்நூறு. வருடக் கணக்கில் போட்டால் நூற்றுக்கு நூற்றிருபதைத் தாண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்காதவர்களெல்லாம் இந்தக் கணக்கில் வாங்கினார்கள்.

பெண்கள் பக்கம் தவணைச் சேலைக்காரர் வருவார். மூட்டையைத் திண்ணையில் இறக்கி, ஒவ்வொன்றாக விரித்து, "காசு எங்கம்மா போகுது, மெதுவா குடுங்க" என்பார். அவருடைய நோட்டில் தெருவே இருக்கும். காசு இல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, பழைய பட்டுச் சேலைக்கு எவர்சில்வர் குண்டான். ஜரிகையை விற்று அந்த வியாபாரி வீடு கட்டினார். நம் வீட்டில் குண்டான் ஒழுகிற்று. ஆகவே, ஆசைப்பட்டு வாங்குவது நேற்றுப் பிறந்த வியாதி இல்லை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். எங்கள் மாடிப் போர்ஷனில் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள். மூவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இல்லையென்றால் இரவில். அதில் ஒரு பெண் ஒரு நாள் போனை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருந்தீங்களாமே, பேங்க்ல ஏன் காசு காணாமப் போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றது.

பார்த்தேன். கையில் வருவது பதின்மூன்றாயிரம். மூன்று கடன். ஒன்று அந்தப் போனுக்கு. இன்னொன்று ஊரில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பிரிட்ஜுக்கு. மூன்றாவது போன் செயலி ஒன்றில் எடுத்த கடன், தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு. இதைத் தவிர, கட்டிலுக்கு அடியில் பிரிக்காத நாலு பார்சல் இருப்பதை மற்ற இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குர்தி, குர்தி, ஒரு செருப்பு, மறுபடியும் குர்தி. "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வராது தாத்தா. அப்பத்தான் பாப்பேன். ரிட்டர்ன் போடணும்னு நெனைப்பேன், மறந்துடும்." ரெபேக்கா நம் ஊரிலும் இருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு பார்சலும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு ரூபாய். அந்தக் குடும்பம் மூழ்கியது அதனால் அல்ல.

எதனால் என்று கேட்டால், ஒரு தேதியால். கடன் கொடுத்த மூன்று இடத்தாரும் அவள் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ள எழுதி வாங்கியிருக்கிறார்கள். எடுக்கும் தேதி ஐந்து. சம்பளம் விழுவது ஏழு. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் போதும் என்பது 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டக் காலத்திலிருந்தே வழக்கம். ஐந்தாம் தேதி கணக்கில் நூற்றுப் பத்து ரூபாய் இருக்கும். மூன்று தவணையும் திரும்பும். திரும்பியதற்கு வங்கி ஓர் அபராதம் எடுக்கும், கடன் கொடுத்தவர் ஓர் அபராதம் எடுப்பார். மூன்றுக்கு ஆறு அபராதம். ஒரே மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் போயிருந்தது. பணம் கொடுக்க மனம் இருக்கிறது, பணமும் வருகிறது, இரண்டு நாள் தள்ளி வருகிறது. பார்சலைவிட இதற்குப் பெரிய செலவு.

வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ரொக்கமாகக் கேட்டால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது. அல்லது 'ப்ராசஸிங் கட்டணம்' என்று ஒன்று இருக்கும். வட்டி வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். கிரெடிட் கார்டு இன்னும் மோசம். இருபதாயிரம் பாக்கி, மாதம் மூன்றரை வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 700. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 126. 'குறைந்தபட்சம்' என்று போட்டிருக்கிறதே என ஆயிரம் கட்டினால், கடனில் குறைவது 174 ரூபாய். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் வியாதி கரையும் என்று அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் போகிறது. இந்தக் கடன் அப்படியும் கரையாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நான் வேலை பார்த்த காலத்தில் தொழிலாளிக்கு ஒரு வேலி இருந்தது. அதே 1936 சட்டம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி இருந்தாலும், சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் முக்கால் பங்கு வரை போகலாம். அதற்கு மேல் நான் நினைத்தாலும் பிடிக்க முடியாது. மீதி அரிசிக்கும் பருப்புக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும். 2022-ல் ரிசர்வ் வங்கி குறுங்கடனுக்கும் இப்படி ஒரு வேலி போட்டது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பம், எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கட்டும்படி ஆகக்கூடாது. குழுக் கடன் வாங்கும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சம்பளம் வங்கிக்குள் நுழைந்த பிறகு தானாக உருவப்படும் தவணைகளுக்கு அப்படி வேலி எதுவும் இல்லை. கணக்கைத் துடைத்துக் காலி செய்துவிடும். சம்பளப் பட்டியலில் நான் செய்யக்கூடாத காரியத்தை ஒரு கம்ப்யூட்டர் நடுராத்திரியில் செய்கிறது. பாதிச் சம்பளத்துக்கு மேல் தானியங்கித் தவணை போகக்கூடாது என்று ஒரு விதி வந்தால், கடன் கொடுப்பவனும் கொடுக்கும் முன் யோசிப்பான்.

செயலிக் கடன்காரர்கள் போனில் உள்ள பெயர்ப் பட்டியலையெல்லாம் எடுத்து உறவினர்களுக்குப் போன் போட்ட கொடுமை உங்களுக்குத் தெரியும். அதையும் 2022 செப்டம்பரில் தடுத்தார்கள். 2025-ல் தமிழ்நாடு அரசும் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவையெல்லாம் வசூலில் அடிபட்ட பிறகு ஓடிவருகிற மருந்து. அந்தப் பெண் செயலிக்கு ஏன் போனாள் என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

விடை எனக்குத் தெரியும். நம் காலத்தில் மகன் ஃபீஸ் என்றால் எங்கே போனோம்? சிக்கன நாணயச் சங்கத்துக்கு. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்து, செயலாளரிடம் ஒரு டீ, சொற்ப வட்டியில் பணம். தண்டல்காரரை நம்மில் பலர் ஒரு கட்டத்தில் மறந்ததே அதனால்தான். அந்தச் சங்கம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். நான் பார்த்த தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளி யாரும் அதில் உறுப்பினர் இல்லை. இன்று பல இடங்களில் வரிசையில் நின்று வேலை செய்பவர்கள் அவர்கள்தான். அதே கேட், அதே கேன்டீன், ஆனால் கடன் வேண்டுமென்றால் அவர்களுக்குப் போன்தான் சங்கம்.

"இன்னைக்கு இருப்பா, நாளைக்குக் கான்டிராக்டர் மாறினா போயிடுவா, யார் ஜாமீன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஆறு மாதத்தில் முடியட்டும். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவர்கள் சம்பளத்தைப் பொறுப்பேற்கச் சொன்ன நிறுவனத்திடம் பிடித்தம் செய்து கொடுக்கச் சொல்வது பெரிய விஷயமா? முகம் தெரியாத செயலிக்காரன் அவளை நம்பிப் பத்தாயிரம் கொடுக்கிறான். தினமும் முகம் பார்க்கிற நாம் நம்ப மாட்டோமா?

மாடிப் பெண்ணின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று இடத்துக்கும் எழுதிப் போட்டோம். இரண்டு இடத்தார் தவணைத் தேதியைப் பத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் பதில் போடவில்லை. குர்திகளில் இரண்டை மற்ற இரண்டு பெண்களும் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள், நம் ஊர் ஏலம்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் சங்க நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். அடுத்த பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தம் என்று ஒரு தீர்மானம் வையுங்கள். முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு ஓட்டு கிடையாது என்று செயலாளர் சொன்னால், பின் வரிசையில் உட்கார்ந்து மிக்சரும் டீயும் முடியும் வரை பேசாமல் இருக்கிறேன்.