மூச்சு முட்டிய மோட்டார் வண்டி

மனிதருக்கு வரும் நோய் ஓரிடத்தில் தோன்றி வேறோரிடத்தில் தன்னைக் காட்டுவதுண்டு. கண்ணிற் குறை இருக்கத் தலையிடிக்கு மருந்து தேடி அலைந்தவர் பலர். இயந்திரங்களும் இவ்வகையில் மனிதரையே ஒத்தன. இவ்வாரம் எமது வீட்டுப் பழைய மோட்டார் வண்டியின் நோயையும், அது தீர்ந்த விதத்தையும் வாசக அன்பர்களுக்குக் கூற விரும்புகின்றோம். அதில் மாணவர்க்குச் சிறிது விஞ்ஞானமும், ஆசிரியராகிய எமக்குச் சிறிது வெட்கமும் உண்டு.

வண்டி, 1960 ஆம் ஆண்டில் உருவான மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வகை வண்டி 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்னும் பெயரைப் பெற்றது. எமது தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கினார்.

யாழ்ப்பாணத்தில் 1990 ஆம் ஆண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சினையுடைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ 40 வண்டிகளும் அப்பொழுது மண்ணெண்ணெயில் ஓடின. காலையில் மருந்துப் போத்தலிற் சேமித்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். இதன் காரணம் எளியது. எரிவது எண்ணெயன்று, அதன் ஆவியே. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகைக்கு மேலான வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அவ்வெப்பம் ஏது?

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, ஊர் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நடக்க இயலாத எமது பாட்டியாரை இவ்வண்டியே சுமந்து சென்றது. பாட்டியார் பின்னர் வீடு திரும்பவில்லை. ஆதலின், இதனை விற்றுவிடலாம் என்று எவர் சொன்னாலும் அம்மா இசைவதில்லை. “அது ஓடுமட்டும் ஓடட்டும்” என்பார்.

அத்தகைய வண்டி இவ்வாண்டு முரண்டு பிடிக்கத் தொடங்கிற்று. நான்கைந்து நாள் நிறுத்தி வைத்தபின் ஸ்ராட் செய்தால் நெடுநேரம் சுழன்றும் உயிர் பெறாது. ஒருவாறு கிளம்பினாலும் எட்டுப் பத்துக் கிலோமீற்றர் சென்றதும் இருமும், தயங்கும், நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் மீண்டும் ஓடும்.

நாம் செய்தது என்ன? முதலிற் பற்றரியை மாற்றினோம். பின்னர் பிளக்குகள் நான்கையும் மாற்றினோம். அதன்பின் ஒரு கராச்சில் சொன்னபடி காபரேற்றரையும் புதிதாக வாங்கிப் பூட்டினோம். இம்மூன்றுக்கும் சேர்த்து எமது ஒரு மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேல் சென்றது. இனி எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்றனர். வீட்டில் முதன்முறையாக, “விற்றுவிடுவோமா?” என்னும் பேச்சை நாமே எடுத்தோம். அம்மா மறுமொழி கூறாமல் எழுந்து உள்ளே சென்றார். அவ்வாரமே அவரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்கையில் வண்டி நடுவழியில் நின்றது. வெயிலில் ஓட்டோவுக்குக் காத்து நின்றும் குறித்த நேரம் தப்பிற்று.

அன்று மாலை எமது ஒழுங்கையிலுள்ள ஓர் இளைஞன் வந்து, “சேர், நான் ஒருக்கால் பார்க்கட்டோ?” என்று கேட்டான். அவன் எம்மிடம் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திற் சித்தியெய்தாது கராச் வேலைக்குச் சென்றவன். “உனக்கு விஞ்ஞானம் ஏறாது தம்பி” என்று ஒருநாள் வகுப்பிலே நாம் சொன்னதுண்டு. அதை நாம் மறந்திருந்தோம். அவன் மறந்திருப்பான் என்று சொல்லத் துணியோம்.

அவன் எந்த ஆணியையும் தொடவில்லை. முதலிற் கேள்விகள் கேட்டான். எவ்வளவு தூரத்தில் நிற்கும்? எவ்வளவு நேரத்தின் பின் ஓடும்? மூன்றாவது கேள்வி எமக்குப் புதுமையாயிருந்தது: “சேர், டாங்க் நிறைய இருக்கேக்கை கெதியா நிக்குதோ, பாதியா இருக்கேக்கையோ?” எண்ணிப் பார்த்தோம். நிறைத்த நாட்களிலேயே விரைவில் நின்றிருக்கிறது. கண் வைத்தியரிடம் சென்ற அன்றும் நிறைத்தே சென்றோம்.

மறுநாள் அவனையும் ஏற்றிக்கொண்டு வண்டி நிற்கும்வரை ஓட்டினோம். நின்றதும் ஒரு பிளக்கைக் கழற்றினான், அது உலர்ந்திருந்தது. பெற்றோல் சிலிண்டருக்கு வரவில்லை என்பது அதனால் விளங்கிற்று. அதனை எஞ்சின் உலோகத்தில் வைத்துச் சுழற்ற, நீலப்பொறி நன்றாகப் பாய்ந்தது. ஆகவே மின்சாரப் பகுதியிற் குறையில்லை. எஞ்சியது எண்ணெய் வரும் வழியே.

மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று விரைந்து ஒலித்து, காபரேற்றரின் மிதவை அறை நிரம்பியதும் ஓய்வதே அதன் இயல்பு. ஓயாமல் விரைந்து ஒலிக்குமாயின், தாங்கி வெறுமையாயிருக்கலாம். அல்லது குழாயின் இணைப்பு ஒன்றால் வளி புகலாம். ஒலியே எழாவிடின், மின்சாரம் வரவில்லை, அல்லது பம்ப்பினுள்ளிருக்கும் பொயின்ற் கருகியிருக்கலாம். சோர்ந்து இடைவிட்டு ஒலிக்குமாயின், பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் தடை உண்டு. அன்று அது சோர்ந்தே ஒலித்தது.

இளைஞன் வண்டியின் பின்புறம் சென்று தாங்கியின் மூடியைத் திறந்தான். ‘உஸ்’ என்று வளி உள்ளே பாய்ந்தது. அக்கணமே முன்புறத்தில் பம்ப் படபடவென்று ஒலித்து ஓய்ந்தது. வண்டி ஒரே சுழற்சியிற் கிளம்பிற்று.

“சேர், இந்த மூடி எப்ப மாத்தினது?”

அப்பொழுதுதான் எமக்கு நினைவு வந்தது. 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், களவுக்கு அஞ்சிப் பூட்டுள்ள மூடி ஒன்றை வாங்கிப் போட்டோம். பழைய மூடியில் வளி புகுதற்கு ஒரு சிறு துவாரம் இருந்தது. புதியதில் அது இல்லை. அக்காலத்தில் வண்டி கடைத்தெருவுக்கு மட்டுமே சென்றதால் குறை தெரியவில்லை. நெடுந்தூரம் ஓடத் தொடங்கியபின் தெரிந்தது.

பெற்றோல் குறையக் குறைய, மேலேயுள்ள வளி விரிகின்றது. விரியும்தோறும் அதன் அமுக்கம் குறைகின்றது. தாங்கி நிறைந்திருப்பின் வளிக்குள்ள இடம் சிறிது. ஆதலின் ஒரு லீற்றர் பெற்றோல் குறைந்தாலும் அமுக்கம் பெரிதும் வீழும். பம்ப் அதனை எதிர்த்து உறிஞ்ச இயலாது சோரும். சில நாள் நிறுத்தினாற் காபரேற்றரிலுள்ள பெற்றோலும் ஆவியாகிவிடும். சோர்ந்த பம்ப்பினால் அதனை விரைவில் நிரப்ப முடிவதில்லை. இது 1662 ஆம் ஆண்டில் றொபேட் பொயில் வெளியிட்ட விதியேயன்றி வேறன்று. அவ்விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவர் நாம். விஞ்ஞானம் ஏறாது என்று நாம் சொன்ன பையன் அதை எமது வண்டியிற் கண்டுபிடித்தான்.

அவன் அத்துடன் அமையவில்லை. அம்மா எதையும் எறியாதவர். பழைய மூடி பிஸ்கற் ரின்னொன்றில் இருந்தது. அதைப் போட்டு இருபது கிலோமீற்றர் ஓட்டினோம், வண்டி நிற்கவில்லை. புதியதைப் போட்டு ஓட்டினோம், நின்றது. மீண்டும் பழையது, நிற்கவில்லை. “இப்பதான் நிச்சயம் சேர்” என்றான்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். வண்டி கிளம்பாதபோது காசை எடுக்குமுன் காதையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். பிளக் நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருப்பின் பொறியைச் சோதியுங்கள். சோக்கை அளவுக்கு மிஞ்சி இழுத்ததனாலும் நனையலாம். உலர்ந்திருப்பின், தாங்கியின் மூடி, குழாய், வடிகட்டி, பம்ப், மிதவை அறையின் ஊசி வால்வு என ஒழுங்காகத் தேடுங்கள். எஞ்சின் நன்கு ஆறியபின், காபரேற்றருக்குச் செல்லும் குழாயை ஒரு போத்தலினுள் விட்டுச் சாவியைத் திருப்பினால், பெற்றோல் துடித்துத் துடித்துப் பாயவேண்டும். நன்றாகப் பாய்ந்தாற் குறை காபரேற்றரில். பாயாவிடின் அதற்கு முன்னே. மாதக்கணக்கில் நின்ற வண்டியாயின் பழைய பெற்றோல் பிசினாகி வடிகட்டியை அடைத்திருக்கலாம். இவற்றைத் திறந்த வெளியிலேயே செய்க. பொறிச் சோதனையையும் பெற்றோற் சோதனையையும் ஒருபோதும் ஒருசேரச் செய்யாதீர்கள். சிகரெற், விளக்கு எதுவும் அருகில் இருத்தலாகாது.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாம் மூன்று பொருள்களை மாற்றினோம், ஒன்றையும் சோதிக்கவில்லை. அவன் சோதித்தபின் மாற்றியது ஒன்றே. ஊகித்தல் வேறு, அறிதல் வேறு.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அன்று அவனிடம், “தம்பி, அப்போது நாம் சொன்னது பிழை” என்றோம். அவன் கையை எண்ணெய்த் துணியில் துடைத்தவாறே, “அது அப்பவே போட்டுது சேர்” என்றான். கூலி வாங்க மறுத்துவிட்டான். வரும் தவணையில் பொயிலின் விதியைக் கற்பிக்கும் நாளில் வகுப்புக்கு வருமாறு அவனை அழைத்திருக்கிறோம். அந்த மூடியையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். வண்டி போகவும் வரவும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா அதன் கதவை மெல்லத் தட்டிவிட்டு உள்ளே சென்றார். விற்பது பற்றிய பேச்சு அதன்பின் எமது வீட்டில் எழவில்லை.